எடை குறைந்தது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை

திருநெல்வேலியிலிருந்து ஒரு மருமகள்:

எங்கள் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. கனத்த உடம்பு, கூடவே சர்க்கரை, முழங்கால் வலி. நாத்தனார் வீட்டில் சில மாதம் இருந்தபோது, எடையைக் குறைக்கிறோம் பேர்வழி என்று காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும், இரவு இரண்டு இட்லி என்று வைத்திருந்தார்கள். எடை குறைந்தது உண்மைதான். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் திரும்பி வந்த அத்தையால் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

முதியோர் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். மாத்திரைச் சீட்டைப் பார்க்கும் முன்பே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். 12 நொடிக்குள் முடிக்க வேண்டுமாம். அத்தை மூன்றாவது தடவையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்க வைத்தார். பெண்களுக்கு அந்தப் பிடியின் இறுக்கம் 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலம் போதாது என்று கணக்கு. அத்தைக்கு அதுவும் தேறவில்லை. கொழுப்பு அப்படியே இருக்க, தசை கரைந்துபோயிருக்கிறது, சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இன்னும் கரையும் என்றார். கால் பருமனாக இருப்பதைப் பார்த்து உள்ளே பலம் இருக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததால், கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார். இப்போதைய எடைக்கு அல்ல, இருக்க வேண்டிய எடைக்கு. அத்தைக்கு அறுபது கிராமுக்கு மேல் வந்தது. ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம், ஒரு முட்டையில் 6. கஞ்சியும் ரசமும் எந்தக் காலத்தில் அந்தக் கணக்கை எட்டும்?

எங்கள் வீட்டில் முதலில் மாறியது சாம்பார். அதுவரை பருப்பு என்பது நிறத்துக்குத்தான். இப்போது இரண்டு பங்கு போட்டு, அத்தைக்கு அடியிலிருந்து கலக்கி எடுத்து ஊற்றுகிறேன். காலையில் பாசிப்பயறு தோசை, கூடவே முட்டை. வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் முட்டை கிடையாது, அன்றைக்குப் பன்னீர். வாரத்தில் இரண்டு நாள் சாளைக் குழம்பு. சோறு பாதியானது, காய் கூடியது. இதில் தகராறு செய்தவர் அத்தை அல்ல, மாமாதான். "அவளுக்குத்தானே வியாதி, எனக்கு எதற்குச் சோற்றைக் குறைக்கிறாய்?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். மாமா எதிரே அப்பளத்தோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் அத்தைக்கு எப்படி வாய் அடங்கும்? கடைசியில் என் கணவர் பேசித்தான் ஒரே சமையலானது. தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் அத்தை நாற்காலியில் எழுந்து உட்காருகிறார், பேரன் எண்ணுகிறான். எடை முன்பு போல வேகமாகக் குறையவில்லை. கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார், எனக்கு அது போதும்.

பல் செட்டுக்காரர்கள் சாப்பிடுகிற மாதிரி கொள்ளுக்கு யாராவது பக்குவம் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மகன்:

எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது, மீனும் கிடையாது. அப்பாவுக்கு மூன்று வேளையும் மோர் சாதம் கொடுத்தாலும் சம்மதம். நூறு கிராம் தயிரிலேயே மூன்று நான்கு கிராம் புரதம்தான்; அதில் தண்ணீர் விட்டு மோராக்கினால் என்ன மிஞ்சும்? மீல் மேக்கரைக் குழம்பில் போட்டேன், ரப்பர் என்று ஒதுக்கி வைத்தார். அதையே ஊறவைத்துப் பிழிந்து, அரைத்து, சோம்பு, பூண்டு சேர்த்துக் கோலா உருண்டையாகச் செய்ததும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். என்ன என்று அம்மா இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

எழுந்து உட்காரும் பயிற்சியைப் பேரனோடு விளையாடும் விளையாட்டு போல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதுதான் பாதி மருந்து. 2017இல் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். உணவைக் குறைத்து, நடை போன்ற பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை 5 சதவீதம் போனது. எடை தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான். இரண்டையும் செய்தவர்கள்தான் நடமாட்டத்தில் அதிகம் தேறினார்கள். அப்பா தண்ணீர் பாட்டிலைத் தூக்குகிறார், முனகிக்கொண்டே.

மதுரையிலிருந்து:

இரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். என் அக்கா சிங்கப்பூரிலிருந்து புரத மாவு டப்பாக்களாக அனுப்பிவிட்டாள். அம்மாவுக்குக் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இரத்தத்தில் சேரும் கழிவு, ஏற்கெனவே கூடியிருந்தது. மருத்துவர் டப்பாவைத் திறக்கவே விடவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, வயது 68:

இதுவரை எழுதியவர்கள் எல்லாம் பரிமாறுகிறவர்கள். நான் சாப்பிடுகிறவள். எனக்கும் இதே தொந்தரவுதான், இதே வைத்தியம்தான். பிள்ளைகள் என் தட்டைப் பார்த்துக் கிராம் கணக்குப் போடும்போது விருந்தாளி வீட்டில் சாப்பிடுவது போல் கூச்சமாக இருக்கிறது. "அம்மா, இன்னொரு கரண்டி பருப்பு" என்பதும் அதட்டல்தான், அன்பான அதட்டல். ஒருநாள் மகளிடம் சொல்லிவிட்டேன்: என்ன வேண்டும் என்று சொல், சமைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்படி என் கைக்கு வந்த பிறகுதான் இந்தச் சாப்பாடு எனக்குப் பிடித்தது. உங்கள் அத்தைக்கும் அரிந்து கொடுக்கிற வேலையாவது கொடுத்துப் பாருங்கள்.

கொள்ளுக்கு: இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குழையும்வரை வேகவிடுங்கள். சின்ன வெங்காயம், சீரகம், இரண்டு மிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைந்துவிடுங்கள். மத்தில் கடைந்தால் தோல் நெருடாது. கொஞ்சம் புளி, நல்லெண்ணெய். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும்.