12 வயசு ஸ்பிட்ஸ் நாய்க்குப் பல் ஆடுது: எடுக்கலாமா, அப்படியே விடலாமா?

கோபிக்காரர்:
வணக்கமுங்க. வீட்டு ஸ்பிட்ஸுக்கு 12 வயசு, 9 கிலோ. முன்பல் ரெண்டு தானா விழுந்துருச்சு, மேல்தாடைக் கடவாப்பல் ஒண்ணு ஆடுது. வாய் நாத்தம் தாங்கலீங்க. ஒரு பக்கமாவே மெல்லுது. மயக்கம் குடுத்துத்தான் எடுக்கோணும்ங்கறார் டாக்டர். இந்த வயசுல தாங்குமுங்களா? பல் போனா என்னத்தைத் திங்கும்? வயசானா விழத்தானே செய்யும், விட்டுருன்னு வீட்ல சொல்றாங்க.

காங்கேயத்துக்காரர்:
வயசானதால பல் விழறதில்லீங்க, ஈறு நோயால விழுது. பல்லு மேல படியற பிசுக்கு, எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து ரெண்டு மூணு நாள்லயே காரையா இறுக ஆரம்பிக்கும். அது ஈறுக்கு உள்ள இறங்கினா கிருமி பெருகி, பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பே கரையும். வளர்ந்த நாய்க்கு 42 பல். சின்ன இன நாய்ங்களுக்குத் தாடையில இடம் பத்தாம பல்லு நெருக்கியே நிக்கறதால இந்தத் தொல்லை சீக்கிரமே வந்துரும்.

நாய் வலியைக் காட்டாதுங்க. பசியில தின்னுரும், அதை வெச்சு நல்லா இருக்குதுன்னு முடிவு பண்ணாதீங்க. மேல்தாடைப் பெரிய கடவாப்பல்லோட வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். அதுல சீழ் வெச்சா கண்ணடி வீங்கி உடைஞ்சு ஒழுகும். மேல் கோரைப்பல் கெட்டா மூக்குக்கு ஓட்டை விழுந்து, தும்மலும் ஒரு மூக்குல சளியுமா நிக்கும். கீழ்த்தாடை எலும்பு அரிச்சுப்போன சின்ன நாய், லேசா மோதினாக்கூடத் தாடை முறியும். விடவே விடாதீங்க.

நாமக்கல் மாணவி:
மயக்கத்துக்கு வயசு தடை இல்லைங்க அண்ணா, உறுப்புங்க எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம். முன்னாடியே முழு ரத்த அணு எண்ணிக்கை, கிட்னிக்கு யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் என்சைம் பாக்கச் சொல்லுங்க. இதயத்துடிப்போட முணுமுணுப்புச் சத்தம் கேட்டா எக்கோங்கற இதய ஸ்கேனும் எடுக்கணும். முந்தின ராத்திரிச் சோத்தோட நிறுத்திருங்க, தண்ணி எப்ப வரைக்கும் வைக்கலாம்னு டாக்டர் சொல்லுவார். மயக்கத்துல மூச்சுக்குழாய்ல டியூப், நரம்புல டிரிப், உடம்பு குளிராம சூடு, இந்த மூணும் இருக்கான்னு கேளுங்க.

பல் எக்ஸ்ரே வசதியும் முக்கியம். பல்லுல பெரும்பகுதி ஈறுக்கு அடியிலதான் இருக்கு. அந்த மேல் கடவாப்பல்லுக்கு மூணு வேர், அறுத்துத் துண்டு துண்டா எடுப்பாங்க. வேர் நுனி உள்ள முறிஞ்சு தங்கினா மறுபடி சீழ் வைக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிச்சுப் பாருங்க, போறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே இருக்கான்னு கேட்டுக்கங்க.

மயக்கமில்லாமக் காரை சுரண்டித் தர்றோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. வெளியில வெள்ளையாத் தெரியும், ஈறுக்கு அடியில நோய் அப்படியே இருக்கும். வலிக்குதுன்னு நம்ம பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் குடுத்துறாதீங்க. ஐபுபுரூஃபன் நாய்க்கு வயித்துப் புண்ணு, கிட்னிக் கோளாறு வரைக்கும் கொண்டுபோகும்.

பவானி அக்கா:
பல்லே இல்லாத நாயும் நல்லாத் திங்கும் தம்பி. நாய் நம்மளாட்ட அரைச்சுத் திங்கற பிராணி இல்ல, கடிச்சுத் துண்டாக்கி முழுங்குது. வலி போனதும் முன்னைய விட ஆசையாத் திங்கறதுதான் வழக்கம்.

புண் ஆறற வரைக்கும், 10 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும், மெது சாப்பாடுதான். எலும்பு எடுத்த கோழிக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு போடாம வேக வெச்சு மிக்ஸியில அடிங்க. குழையவெச்ச சோத்தோட பிசைஞ்சு, வெதுவெதுப்பா, மூணு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. மசிச்ச முட்டையும் ஆகும். வெறும் தயிர்சோறுல புரதம் பத்தாது. கடையில வாங்கற உருண்டைத் தீவனமா இருந்தா வெந்நி ஊத்தி நல்லா ஊறவைங்க. கிட்னி சரியில்லைன்னா கறி அளவை டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் குடுங்க. கடிக்கறதுக்குன்னு எலும்பு, மான்கொம்பு எதுவும் வேண்டாம். மிச்சமிருக்கற பல்லும் பிளந்துரும்.

கோபிக்காரர்:
ரொம்ப நன்றிங்க அக்கா. மீதிப் பல்லுக்கு உப்பும் கரியும் தேய்க்கலாமுங்களா?

நாமக்கல் மாணவி:
வேண்டாங்க. ரெண்டும் பல்லைக் கீறும், கீறுன இடத்துல பிசுக்கு இன்னும் வேகமாப் படியும். நம்ம பற்பசையும் கூடாது, நாய் துப்பாம முழுங்கிரும். சைலிட்டால்ங்கற இனிப்பு கலந்ததா இருந்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. நாய்ங்களுக்குன்னு விக்கற என்சைம் பற்பசைதான் வாங்கணும். புண் ஆறுன பிறகு, முதல்ல விரல்ல காஸ் துணி சுத்தி உதட்டைத் தூக்கி வெளிப்பக்கம் மட்டும் தடவிப் பழக்குங்க. அப்புறம் மெல்லிசான பிரஷ்ஷை ஈறு ஓரமா 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சு தினமும் தேய்ங்க. நாலஞ்சு நாளைக்கு ஒருக்காத் தேய்ச்சா, அதுக்குள்ள காரை இறுகிரும்.

காங்கேயத்துக்காரர்:
ஒண்ணு விட்டுட்டனுங்க. மத்த பல்லெல்லாம் சுத்தமா இருந்து ஒரே பல்லு மட்டும் ஆடுனாலோ, பக்கத்துல கட்டி தட்டுப்பட்டாலோ வெறும் ஈறு நோய்னு நினைக்காதீங்க. வயசான நாய்ங்களுக்கு வாயில புத்துநோய் வரும். பல்லை எடுக்கையில அந்தச் சதையில கொஞ்சம் பயாப்ஸிங்கற சதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க.