முள்ளோடை தாண்டினால் கிராபிக்ஸ் கார்டு மலிவா? விலை, மார்ஜின், பில் – அனுபவப் பகிர்வு

கெடிலக்கரை:

கடலூரில் யார் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பினாலும் பக்கத்தில் ஒருவர் சொல்லிவிடுவார்: "பாண்டிக்குப் போயிடு, அங்க கம்மி." பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் அது சரி. அவை இரண்டும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு வரி, முள்ளோடை தாண்டினால் வேறு வரி. கார்டுக்கு அந்தக் கதை 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் நேரு வீதியில் வாங்கினாலும் 18 சதவீதம்தான். விலை வித்தியாசம் தெரிந்தால், அந்தக் கடைக்காரர் என்ன விலைக்கு எடுத்தார், எத்தனை நாளாக வைத்திருக்கிறார், எவ்வளவு வைத்து விற்கிறார் என்பதில் வருவது அது.

நியாய விலையைப் போனிலேயே போட்டுப் பார்க்கலாம். அறிமுக டாலர் விலை, பெருக்கல் அன்றைய டாலர் மதிப்பு, பெருக்கல் 1.18. அமெரிக்காவில் சொல்கிற விலையில் அவர்கள் ஊர் விற்பனை வரி சேர்வதில்லை, அதனால் நம் ஜிஎஸ்டியை நாம்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 549 டாலர். 2025 ஜனவரியில் அறிவித்தபோது டாலர் சுமார் 86 ரூபாய். பெருக்கினால் 55,700 சொச்சம் வரும். என்விடியா இந்தியாவுக்குச் சொன்னது 59,000. 5070 டிஐ 749 டாலர். கணக்கில் 76,000, சொன்னது 80,000. 999 டாலர் 5080-க்குச் சொன்னது 1,07,000, 1,999 டாலர் 5090-க்கு 2,14,000. எல்லாவற்றிலும் கணக்கு விலைக்கு மேல் ஐந்தாறு சதவீதம்தான் நிற்கிறது. அதுவரை கேள்வி கேட்காமல் கொடுக்கலாம். 10 சதவீதம் என்றால் பேரம் பேசுங்கள். 15-ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள்: தட்டுப்பாடா, மூன்று ஃபேன் மாடலா, இல்லை சும்மாவா?

பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பியைக் காட்டி "நாற்பது பர்சன்ட் தள்ளுபடி சார்" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். இறக்குமதியாளர் சட்டப்படி ஒட்ட வேண்டிய உச்ச விலை அது. அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை.

கல்லாப்பெட்டி:

கெடிலக்கரை சொன்னதில் "எவ்வளவு வைத்து விற்கிறார்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கடைக்காரர் ஐயாயிரம் பத்தாயிரம் அடிக்கிறார் என்ற நினைப்பு பலருக்கு. உதாரணத்துக்கு 35,400 ரூபாய் கார்டு ஒன்று. 1.18-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 30,000, ஜிஎஸ்டி 5,400. கடைக்கு வந்த விலை 28,800-ம் வரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 33,984. கடைக்கு நிற்பது 1,200 ரூபாய்; 4 சதவீதம்.

இனி அந்த 1,200 எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கிக் கட்டணம் முழு பில்லின் மேல் விழும், வரி சேர்ந்த 35,400-இன் மேல். 2 சதவீதம் என்றால் 708 போச்சு, மிச்சம் 492. "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கவுண்டரில் கேட்பது இதனால்தான். வங்கிக் கணக்கிலிருந்து நேராக யுபிஐ போட்டால் கடைக்குக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. பேரத்தை யுபிஐ என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தால் ஐந்நூறு ரூபாயாவது இறங்கும்.

அடுத்தது வட்டி. 33,984 ரூபாய் சரக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் அலமாரியில் உட்கார்ந்தால் மாதம் 340 ரூபாய் தின்னும். மூன்று மாதம் விற்காமல் நின்றால் 1,020 போய், மிச்சம் 180. அதற்குள் புது மாடல் வந்து விலை இறங்கினால் கைக்காசுதான். இதனால்தான் நம் ஊர்க் கடைகள் பெரிய கார்டை ஸ்டாக் வைப்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சென்னை டிஸ்ட்ரிபியூட்டரிடம் சொல்லி பார்சலில் வரவழைக்கிறார்கள். அப்படி வரவழைத்த கார்டை ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்பார்கள். எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

கார்டு தயாரிக்கிற கம்பெனிக்கும் இதே இறுக்கம்தான். இவிஜிஏ 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு வெளியேறியது. சிப் விற்பவர் கதை வேறு: என்விடியாவின் 2025 நிதியாண்டு மொத்த லாப விகிதம் 75 சதவீதம். அதில் பெரும்பங்கு டேட்டா சென்டர் சிப்புகளுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லாஸ்பேட்டை:

"பில் வேணாம்னா அஞ்சாயிரம் கம்மி பண்ணித் தர்றேன்" என்ற வசனத்துக்கு மேலே உள்ள அதே கணக்கைப் போடுங்கள் நண்பர்களே. கடை பில்லோடு எடுத்திருந்தால் 5,184 ரூபாய் ஜிஎஸ்டி வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. விற்கும்போது 5,400 வசூலித்து, வித்தியாசம் 216 மட்டும் அரசுக்குப் போகும். பில் போடாமல் விட்டால் கடைக்கு மிச்சம் அந்த 216-தான். மொத்த லாபத்தையும் விட்டுக்கொடுத்தாலும் 1,416-க்கு மேல் இறங்க முடியாது. அப்புறம் ஐயாயிரம் எங்கிருந்து வருகிறது? அந்தக் கார்டு பில்லோடு வரவே இல்லை என்றுதானே அர்த்தம். ஒன்று இந்தியா வாரண்டி இல்லாமல் பையில் வந்தது, இல்லை ரிப்பேர் பார்த்து மறுபடி பெட்டியில் போட்டது, இல்லை மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்கும் கணக்கு வேலை) ஓடிக் களைத்தது. (எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் கார்டு மைனிங்கை நிறுத்தியது, அப்போது வெளியே வந்த 3060, 3070-கள் இன்னும் புதுப் பெட்டியில் சுற்றுகின்றன.)

இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி மாதம், எம்ஆர்பி உள்ள ஸ்டிக்கர் பெட்டியில் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

வில்லியனூர்:

ஒரு சந்தேகம். கடலூரில் டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவர், ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர், பாண்டியில் வாங்கினால் கட்டிய ஜிஎஸ்டிக்குக் கிரெடிட் எடுக்கலாமா, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா?

கல்லாப்பெட்டி:

கவனமாக இருக்க வேண்டிய இடம் அது. நம்பரின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கவுண்டரில் கையில் வாங்கினால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 9 என்று பில் வரும். அது புதுச்சேரிக் கணக்கு, 33-இல் கிரெடிட் கிடைக்காது. கடலூர் முகவரிக்கே டெலிவரி போடச் சொல்லி ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) 18 என்று பில் கேளுங்கள். 35,400 கார்டில் 5,400 ரூபாய் சமாசாரம், கூச்சப்படாமல் கேட்கலாம். வீட்டுக்கு வாங்குபவருக்கு எந்த பில்லாக இருந்தாலும் மொத்தம் ஒன்றுதான்.

மஞ்சக்குப்பம்:

விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிற இடம் கார்டின் பெயர். ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்பது பழைய வித்தை.

ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 ரக மெமரி இருந்தால் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 இருந்தால் 16.8. மூன்றில் ஒரு பங்குதான், பெட்டியின் முகப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபிக்கு மெமரிப் பாதையின் அகலம் 192 பிட், அதே பெயரில் 8 ஜிபிக்கு 128 பிட். ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியில் 2,560 கோர் (கணக்குப் போடும் அலகு), 6 ஜிபியில் 2,304 கோர், 96 பிட். கடையில் "சேம் கார்டுதான், மெமரி மட்டும் ரெண்டு ஜிபி கம்மி" என்பார்கள். இல்லை. ஆனால் 6 ஜிபிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 70 வாட்தான், தனி பவர் கேபிள் வேண்டாம். சின்ன எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) உள்ள பழைய ஆபீஸ் பிராண்டட் சிஸ்டத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம்.

வாங்கியதும் ஜிபியு-இசட் என்ற சாப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் பயாஸ் (உள்ளே பதிந்த அடிப்படை சாப்ட்வேர்) மாற்றி 1050 டிஐ என்று விற்கிற போலிக் கார்டுக்கு அது பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். 50 வரிசையில் ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளை எழுதி முடிக்கும் அலகு) எண்ணிக்கையையும் பாருங்கள்: 5070 டிஐ-க்கு 96, 5080-க்கு 112, 5090-க்கு 176 இருக்க வேண்டும். எட்டு குறைந்தால் 2025 தொடக்கத்தில் வந்த பிழையான சரக்கு. என்விடியாவே ஒப்புக்கொண்ட பிழை, மாற்றிக் கேட்க உரிமை உண்டு.

கெடிலக்கரை:

மஞ்சக்குப்பம் அண்ணன் சொன்னதோடு 8 ஜிபி, 16 ஜிபி விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிமுக விலை 5060 டிஐ 8 ஜிபிக்கு 379 டாலர், 16 ஜிபிக்கு 429. ஏஎம்டியின் ரேடியான் 9060 எக்ஸ்டி 299, 349. இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர். 86 ரூபாய் டாலரில் வரியோடு 5,074. அந்த அளவில் கேட்டால் 16-ஐ எடுங்கள். ஒன்பதாயிரம் பத்தாயிரம் கேட்டால் 8-ஐ ஓட்டுவதற்காக 16-ஐ ஏற்றி வைத்திருக்கிறார்கள், வேறு கடை பாருங்கள். மெமரி சிப் விலை ஏறுகிற மாதங்களில் மட்டும் இந்தக் கணக்கு நிஜமாகவே விரியும்.

8 ஜிபி எடுப்பவர்கள் மதர்போர்டையும் பாருங்கள். 5060, 5060 டிஐ எட்டு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் தடம்) கார்டுகள். பி450 போர்டிலும் இன்டெல் 10-ஆம் தலைமுறையிலும் அந்தத் தடம் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0-தான். நம் பக்கம் நிறைய பேர் வைத்திருக்கும் ரைசன் 5600ஜி பிராசஸர், பி550 போர்டில் போட்டாலும் 3.0-ஐத் தாண்டாது. மெமரி நிறைந்து வழிகிற நேரத்தில் அந்தக் குறுகிய வழி உடனே திணறும். 9060 எக்ஸ்டி பதினாறு லேன், அங்கே இந்தத் தொல்லை குறைவு. இன்டெல் பி580 கார்டு 249 டாலர் அறிமுக விலையில் 12 ஜிபி தந்தது. பயாஸில் ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு மெமரியையும் ஒரே வீச்சில் தொடும் வசதி) இல்லாத பழைய போர்டு என்றால் பக்கமே போகாதீர்கள்.

மூன்று ஃபேன் மாடலுக்கு நாலாயிரம் கூட? 5060 எடுப்பது 145 வாட். இரண்டு ஃபேன் அதற்குத் தாராளம். 250 வாட் 5070, 304 வாட் 9070 எக்ஸ்டிக்கு யோசிக்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் அறைச் சூடு தெரிந்ததுதான்.

லாஸ்பேட்டை:

முழு சிஸ்டமாக வாங்குபவர்களுக்கு ஒன்று. கார்டில் விட்டதைக் கேபினெட்டில் பிடிப்பார்கள். கார்டு விலை நெட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், கண்ணாடிக் கேபினெட், கேபிள், "அசெம்ப்ளி சார்ஜ்" ஆகியவற்றின் விலை தெரியாது. லாபம் அங்கேதான். "எல்லாம் சேர்த்து 78,000" என்ற ஒற்றை வரிக் கொட்டேஷனை வாங்காதீர்கள். உருப்படி வாரியாக, எஸ்எம்பிஎஸ் மாடல் எண் வரை எழுதிக் கேளுங்கள். கார்டு விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் எஸ்எம்பிஎஸ் வரியை இரண்டு தடவை படியுங்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் "போர்டும் சேர்த்து எடுத்தாத்தான் கார்டு" என்பார்கள். அப்போது போர்டின் வெளி விலைக்கு மேல் கேட்கும் தொகையைக் கார்டு விலையில் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

முதுநகர்:

துறைமுகப் பக்கத்து ஆள் சொல்வது இது ஒன்றுதான்: உப்புக்காற்று. வாரண்டி விதிகளில் துரு, அரிப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி பொதுவாக இருக்கும். கடல் பக்கத்து வீடுகளில் கார்டின் பின்தகட்டிலும் எச்டிஎம்ஐ துளை ஓரத்திலும் முதலில் புள்ளி விழும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு வாரண்டி என்றால் கூரியர் செலவும் பேக்கிங்கும் அவர் பாடு. உள்ளூர்க் கடை சென்னை சர்வீஸ் சென்டருக்குத் தன் பார்சலோடு சேர்த்து அனுப்புமா, இலவசமா என்பதை வாங்கும் முன் கேட்டு, பில்லின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். அந்த வரிக்கு 800, 1,000 கூடக் கொடுக்கலாம்.

சீல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்; பெட்டியிலும் கார்டிலும் பில்லிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் துளைகளோடு வரும் ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், பயன்படுத்தாத துளைகளில் திரும்ப மாட்டுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் காலிப் பெட்டிக்குள்ளேயே விட்டு, பெட்டியைப் பரணில் வையுங்கள். பெட்டி இல்லாமல் திரும்ப வாங்க மாட்டோம் என்கிற சர்வீஸ் சென்டரும் உண்டு.