2024 மே மாதச் சூரியச் சீற்றம்: உங்கள் அனுபவம் என்ன?

திண்டுக்கல்லிலிருந்து:

2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்துக்காக வாங்கிய அட்டைக் கண்ணாடியைப் பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தேன். 2024 மே 10 அன்று, சூரியனில் 3664 என எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் பூமியின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு அகலத்துக்கு விரிந்திருப்பதாகப் படித்ததும், அதை எடுத்து, கீறலோ ஓட்டையோ இருக்கிறதா என்று டியூப் லைட்டின் முன் பிடித்துப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குச் சென்றேன். சூரியத் தட்டில் மிளகுத் துணுக்கு ஒட்டியதுபோல ஒரு கறை தெரிந்தது. கண்ணாடியில் படிந்த தூசி என்றார் மனைவி; கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்தும் கறை இடம் மாறவில்லை.

நான் பார்த்தது சூரிய வெடிப்பை அல்ல, அதன் பிறப்பிடத்தை மட்டுமே. கரோனா எனப்படும் சூரியனின் வெளிவளிமண்டலத்தில் முறுக்கேறிய காந்தப்புலம் அறுந்து மறுபடி இணையும்போது, கோடிக்கணக்கான டன் மின்னேற்றத் துகள்கள் விண்வெளியில் வீசியெறியப்படுகின்றன. அதைக் காண, சூரியத் தட்டை மறைத்துப் படமெடுக்கும் தனிக் கருவி வேண்டும். மே 8 முதல் அடுத்தடுத்துக் கிளம்பிய உமிழ்வுகள், பின்னவை முன்னவற்றை எட்டிப்பிடித்தபடி, நம் நேரப்படி மே 10 இரவு பத்தரை மணியளவில் பூமியை வந்தடைந்தன. அப்போது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து:

ஐயா, நீங்கள் தூங்கிய பிறகு, அந்த உமிழ்வுகளால் வானில் தோன்றிய துருவ ஒளியை (அரோரா) நான் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்குமேல் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி அழைத்தார். வெறுங்கண்ணுக்கு வெளுத்த வேட்டி காய்வதுபோல்தான் இருந்தது. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறிய வராது. கைப்பேசியை மூன்று விநாடி அசையாமல் பிடித்து எடுத்த படத்திலோ பச்சையும் அதற்குமேல் சிவப்பும் துலங்கின. இருநூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று மிகவும் அருகியிருப்பதால், தூண்டப்பட்ட ஆக்சிஜன் அணு எதனோடும் மோதாமல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீடித்து அந்தச் சிவப்பை வெளியிடுகிறது. நள்ளிரவை நெருங்கியபோது கதிர்கள் தலைக்கு நேர்மேலே ஒரு புள்ளியில் குவிந்தன. அந்தச் சில நிமிடங்கள் கைப்பேசியே தேவைப்படவில்லை.

2003 அக்டோபருக்குப் பின் வந்த முதல் ஜி5 (ஐந்து படிகளில் உச்சப் படி) புவிகாந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பு, அது. லடாக்கின் ஹான்லேயிலும் கேமராக்கள் அன்று அடிவானச் சிவப்பைப் பதிவு செய்தன.

மறுநாள் இரவு நாற்காலியும் பிளாஸ்க்கில் தேநீருமாகப் பிள்ளைகளோடு இரண்டு மணி வரை காத்திருந்தோம். நட்சத்திரங்கள் மட்டுமே இருந்தன.