கொன்யா: பாமியா சூப் முதல்லயா, நடுவுலயா?

ஊர்சுற்றி:
துருக்கியில இருக்கிற கொன்யாவுக்கு மூணு நாள் வேணும், நாலு நாள் வேணும்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. ஒரு நாள் தாராளம். அங்காராவுல காலையில அதிவேக ரயில் ஏறினா ஏறக்குறைய 1 மணி 45 நிமிஷம். முதல்ல சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமி அடங்கியிருக்கிற அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது, உள்ள போகும்போது ஷூ மேல மாட்ட பிளாஸ்டிக் உறை இருக்கும். அப்படியே நடந்து அலாவுதீன் குன்று, பக்கத்துல கராத்தாய் மதரஸா. மதியம் பாமியா சூப்புல (வெண்டைக்காய் சூப்) ஆரம்பிச்சு, எத்லி எக்மெக் (அவங்க ஊர் பீட்சா), சாஜ் அராசி இனிப்போட முடிச்சுக்கலாம். சாயங்காலம் சுழல் நடனம். அதோட ஊர் முடிஞ்சுது, ராத்திரி ரயிலைப் பிடிச்சுத் திரும்பிடலாம்.

அடுப்படி:
"பாமியா சூப்புல ஆரம்பிச்சு"ன்னு யார் சொன்னது? கொன்யா கல்யாணப் பந்தியில வரிசை இது: தயிர் சூப், கறி போட்ட சோறு, ரவை அல்வா, அதுக்கு அப்புறம் பாமியா, மறுபடி சோறு, கடைசியா ஸெர்தே (குங்குமப்பூ போட்ட இனிப்புச் சோறு). கொழுப்பும் இனிப்பும் தின்னு நாக்கு மந்தமாகுற இடத்துல புளிப்பு வரணும்னுதான் அந்த சூப்பே. அதைக் கொண்டுபோய் வெறும் வயித்துல ஊத்துறீங்க. சாம்பாருக்கு முன்னாடி ரசம் ஊத்துற கை போல இருக்கு.

ஊர்சுற்றி:
அண்ணே, ஓட்டல் மெனு அட்டையில அது சூப் பக்கத்துலதான் இருக்கு. கேட்டா முதல்ல கொண்டுவந்து வைக்கிறான். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

அடுப்படி:
பரிமாறுறவன் நீங்க கேட்ட வரிசையில வைப்பான். தயிர்சாதத்தை முதல்ல கேட்டா நம்மூர்லயும்தான் முதல்ல வைப்பான். அதனால அது முதல் சாதம் ஆயிடுமா? பாமியா நடுவுல.

கணக்குப்பிள்ளை:
ஒருத்தர் ஓட்டலைச் சொல்றீங்க, ஒருத்தர் கல்யாணப் பந்தியைச் சொல்றீங்க. எதைப் பத்திப் பேசுறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே?

அடுப்படி:
அதெல்லாம் அப்புறம். அந்த சூப்பை எப்படிச் செய்றாங்கன்னு தெரிஞ்சா இந்தக் கேள்வியே வராது. பாமியான்னா வெண்டைக்காய். ஆனா நம்ம சந்தையில வாங்குற விரல் நீளக் காய் இல்ல; பூ உதிர்ந்ததும் பறிக்கிற, சுண்டுவிரல் நகம் அளவுப் பிஞ்சு. நூல்ல மாலையா கோத்துக் காயவைப்பாங்க. சமைக்கும்போது முதல் வேலை, துணியில போட்டுத் தேய்ச்சு மேல இருக்கிற சுணையை எடுக்குறது. அப்புறம் நூலோடவே எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணியில வேகவைக்கணும். நூலை உருவுறது வெந்த பிறகுதான். முதல்லயே உருவிட்டா பிஞ்சு சிதறும், குழகுழன்னு கோழை கக்கும். அந்தக் கோழையை அடக்குறது புளிப்பு, அதனால எலுமிச்சையைக் கடைசியில பிழியறதோட நிறுத்தக்கூடாது. ஆட்டுக்கறியைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி, வெங்காயம், தக்காளி விழுதோட கொழுப்புல வதக்கி, தண்ணி விட்டுக் கறி வெந்த பிறகு பிஞ்சைச் சேர்க்கணும். சேர்த்ததுக்கு அப்புறம் கரண்டி போட்டுக் கிண்டுறவன் சமையக்காரனே இல்ல, சட்டியைத்தான் ஆட்டணும். இவ்வளவு புளிப்பு ஏத்துறது எதுக்கு? முன்னாடி தின்ன கொழுப்பை அறுக்க. முன்னாடி ஒண்ணுமே தின்னலைன்னா எதை அறுக்கும்?

ஊர்சுற்றி:
பசியைத் தூண்டும். புளிப்பு பசியைத் தூண்டும்னு என் சின்ன வாண்டுக்கே தெரியும்.

நாணல்:
சூப்பை விடுங்க. "சுழல் நடனம்"னு எழுதியிருக்கீங்களே, அதைக் கேக்க ஆள் இல்லையா? அது ஸமாஃ, சுழன்று சுழன்று இறைவனை நினைக்கிற சடங்கு. நபிகள் மேல பாடுற நஅத் முதல்ல வரும், அப்புறம் குதூம் மேளம், "நெய்"ங்கிற நாணல் குழலோட தனி ஆலாபனை. பிறகு மூணு சுத்து வரிசையா நடந்து ஒருத்தருக்கொருத்தர் வணங்குவாங்க. அது ரூமியோட மகன் சுல்தான் வலத் பேர்ல உள்ள நடை. அதுக்கும் பிறகுதான் கறுப்பு மேலங்கியைக் கழட்டிச் சுழல ஆரம்பிக்குறது, ஸலாம்னு சொல்ற நாலு பகுதியா. உயரத் தொப்பின்னா கல்லறைக் கல், வெள்ளைப் பாவாடைன்னா கஃபன் (சவத்துணி), கறுப்பங்கின்னா கப்ரு (மண்ணறை). வலது உள்ளங்கை வானத்தைப் பாக்கும், இடது பூமியை. இடது கால் தூண் மாதிரி தரையில, வலது காலால தள்ளி இடப்பக்கமாச் சுழலணும். முடிவுல குர்ஆன் ஓதுவாங்க. இதைப் போய் நடனம்னா எப்படி? கைதட்டுற கூட்டம் உங்க மாதிரி எழுத்தைப் படிச்சுட்டுத்தான் வருது.

ஊர்சுற்றி:
பாய், தமிழ்ல ஒரு சொல் போடணும்ல, சுழற்சின்னா மோட்டார் ஞாபகம் வருது.

நாணல்:
நாலு நாள் யோசிச்சாவது வேற சொல் போடுங்க. இன்னொண்ணு, உங்க ஒரு நாள் திட்டம் செவ்வாய்க்கிழமைன்னா ஸமாஃவே இல்ல. வருஷம் முழுக்க உறுதியா நடக்கிறது மெவ்லானா (மௌலானாவை அங்க அப்படித்தான் சொல்வாங்க) கலாச்சார மையத்துல, சனிக்கிழமை ராத்திரி. கோடையில கூடுதலா நாள் வைப்பாங்க. டிசம்பர் 7 முதல் 17 வரைக்கும் தினமும் உண்டு; ரூமி காலமான 1273 டிசம்பர் 17-ஐ ஷெபி அரூஸ், அதாவது மணநாள் இரவுன்னு கொண்டாடுறாங்க. அந்த வாரம் சீட்டும் அறையும் முன்னாடியே போயிடும். ஊர் 1,000 மீட்டர் உயரத்துல இருக்கு, டிசம்பர் குளிரு எலும்புக்குள்ள இறங்கும். ராத்திரி ரயில்னு சொல்றவர் ஸமாஃ எத்தனை மணிக்கு முடியும்னு பாத்தாரா?

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான கேள்வி. சனிக்கிழமைன்னா அங்கயே தங்குறதுதான் சரி. மறுநாள் காலையில தென்கிழக்கே 50 கிலோமீட்டர் போனா சத்தால்ஹுயூக் பாக்கலாம், 9,000 வருஷப் பழைய குடியிருப்பு, 2012-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. அந்தக் காலத்துல வீட்டுக்குக் கூரை வழியா ஏணியில இறங்கினாங்க, தெருவே கிடையாது. அங்க நேரடிப் பேருந்தை நம்பாதீங்க, டாக்சியை வெயிட்டிங்ல வச்சுப் பேசிக்கிட்டுப் போங்க.

அடுப்படி:
சத்தால்ஹுயூக்ல பாமியா கிடைக்காது. விஷயத்துக்கு வருவோம். நடுவுல.

ஊர்சுற்றி:
முதல்ல.

அடுப்படி:
எத்லி எக்மெக்கை "பீட்சா"ன்னவர் வேற என்ன சொல்வார்? போன மாசம் இங்க பக்லாவா பத்தின பேச்சுல பாலேடு பத்திக் கேட்டதும் காணாமப் போன ஆள்தானே. எத்லி எக்மெக்குல சீஸே கிடையாது. முழத்துக்கு மேல நீளமா, அப்பளம் மாதிரி மெலிசா இழுத்த மாவு. மேல பச்சைக் கறி, தக்காளி, மிளகாய், வெங்காயம், பார்ஸ்லி. கல் அடுப்புல சில நிமிஷம். மெஷின்ல அரைச்ச கறியா, கத்தியால கொத்தினதான்னு கேட்டு வாங்கணும். கொத்தினதுக்கு பிச்சாக் அராசின்னு பேரு. மெஷின்ல நசுங்கின கறி தண்ணி விட்டு மாவை நமத்துப் போக வைக்கும், கொத்தினது விடாது. நடு மொறுமொறுன்னு இல்லைன்னா திருப்பிக் கொடுங்க.

ஊர்சுற்றி:
சீஸ் போட்டதும் இருக்கே! அதுக்கு "மெவ்லானா"ன்னே பேரு. இப்ப என்ன சொல்றீங்க?

நாணல்:
மகானோட பேரைச் சீஸ் ரொட்டிக்கு வச்சது பெருமையா உங்களுக்கு?

அடுப்படி:
அதுக்குப் பேரு வேறன்னு அவரே ஒத்துக்கிட்டார், கவனிங்க. சூப்பையும் ஒத்துக்கட்டும். அடுத்தது ஃபிரின் கெபாப், அதை விட்டுட்டுச் சாப்பாட்டுப் பட்டியல் போடுறவருக்குக் கொன்யா தெரியும்னு நான் எப்படி நம்புறது? ஆட்டு முன்னங்கால், தோள், விலா, செம்புக் கொப்பரையில அதன் கொழுப்புலயே மணிக்கணக்கா அடுப்புக்குள்ள. கிராம் கணக்குல வாங்கணும், ரொட்டி மேல வச்சுப் பச்சை வெங்காயத்தோட கையால தின்னணும். அது மதியச் சாப்பாடு. நல்ல கடையில சாயங்காலம் போனா எலும்புதான். அந்தக் கொழுப்புக்கு அப்புறம் குடிச்சுப் பாருங்க பாமியாவை, அப்பத் தெரியும் நடுவா முதலான்னு.

கணக்குப்பிள்ளை:
கெபாப் கடையில பாமியா தர்றதுக்கும் பந்தி வரிசைக்கும் சம்பந்தம் என்ன? மறுபடி கேக்குறேன், ஓட்டலா பந்தியா?

நாணல்:
சமையல்னா மெராம் பக்கம் போய் ஆதெஷ்பாஸ் வலி கப்ரை ஜியாரத் (தரிசனம்) பண்ணுங்க, ரெண்டு பேரும். ரூமியோட சமையக்காரர், 1285-ல காலமானவர். வர்றவங்க அங்கேயிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துட்டுப் போவாங்க, வீட்டு அடுப்புல பரக்கத் (இறைவன் தர்ற வளம்) வரும்னு. மெவ்லவி முரீதுக்கு, அதாவது ரூமி வழியில சேர்ற சீடனுக்கு, அப்பப் பயிற்சி தொடங்கினதே சமையக்கட்டுல, 1,001 நாள். நம்ம தைக்கா (சூஃபி மடம்) மாதிரி இருந்த இடங்களையெல்லாம் 1925-ல சட்டம் போட்டு மூடினாங்க, ரூமியோட இடம் 1927-ல அருங்காட்சியகமாத் திறந்துச்சு. அதனாலதான் உள்ள போறப்ப சில பேர் துஆ கேட்டுட்டு நிப்பாங்க, சில பேர் போட்டோ எடுப்பாங்க. இடிச்சுக்கிட்டு போகாதீங்க.

ஊர்சுற்றி:
அந்தப் பச்சைக் கோபுரம் நல்ல போட்டோ வரும்.

நாணல்:
பச்சையா அது? நீலம் கலந்த ஓடு. கோபுரமும் இல்ல, கூம்பு.

ஊர்சுற்றி:
அவங்களே "யெஷில் குப்பே"ன்னுதான் சொல்றாங்க, யெஷில்னா பச்சை. துருக்கிக்காரனுக்கும் நீங்கதான் பாடம் எடுப்பீங்களா?

அடுப்படி:
அவங்க சொல்றதைத்தான் நானும் சொல்றேன், பாமியாவை அல்வாவுக்கு அப்புறம் வைக்கிறாங்கன்னு. கோபுரத்துக்கு மட்டும் துருக்கிக்காரன் சாட்சி, சூப்புக்கு வேண்டாமா?

ஊர்சுற்றி:
சூப்புக்கு ஓட்டல்காரன் சாட்சி. அவனும் துருக்கிக்காரன்தான்.

கணக்குப்பிள்ளை:
ஓட்டலா, பந்தியா?

அடுப்படி:
நடுவுல.