ஃபயர் ரெஜீமுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

சாட்ஸ்வொர்த், திங்கள்
வணக்கம். எங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் நம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைப் புல்வெளி பற்றிச் சுவரொட்டி செய்கிறார்கள். ஒரு நிலம் எத்தனை ஆண்டுக்கொரு முறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு உக்கிரமாக எரிகிறது என்ற மொத்தப் போக்குக்குத்தான் ஃபயர் ரெஜீம் என்று பெயர். அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'தீமுறை' என்று எழுதினேன். "தீய முறையா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், திங்கள் இரவு
பையன் கெட்டிக்காரன். அந்த மலைப் புல்லை எரிக்காமல் விட்டால் காய்ந்த தாள் மேலே மூடி, தூரில் வெயில் படாமல் தளிர் செத்துப்போகும். பிறகு புதர் ஏறும். தீ அங்கே தீயதன்று. என் சொல் 'சுடுபுலம்'. சங்கப் பாட்டில் சுடுபுனம், அதாவது எரித்துத் திருத்திய மலைக்கொல்லை, உண்டு. வினைத்தொகை: சுட்ட, சுடுகிற, சுடும் மூன்றும் அடக்கம். புனம், புன்செய், புல் மூன்றுக்கும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

டோங்காட், செவ்வாய்
விரிவு வேண்டாம் ஐயா. சுடுபுலம் நிலத்தின் பெயர். அம்மா கேட்டது போக்கின் பெயர். பிள்ளைகளுக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். கரும்பு வெட்டுக்கு முன் தோட்டத்துக்குத் தீ வைத்தால் கொடியில் காயும் வேட்டியெல்லாம் கரித்துகள். "கொளுத்து வந்தாச்சு, துணியை எடு" என்பார் பாட்டி. அவருக்கு அது ஒரு பருவத்தின் பெயர். 'கொளுத்துமுறை' என்று வைத்தால் என்ன?

ஜோகன்னஸ்பர்க், புதன்
கொளுத்து பிறவினை, கொளுத்த ஓர் ஆள் வேண்டும். மின்னல் விழுந்து பற்றும் தீயை என்ன செய்வீர்கள்? குரூகர் வனவிலங்குப் பூங்காவில் 1954 முதல் சில துண்டு நிலங்களை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு, மூன்று ஆண்டுக்கொரு முறை எரித்து, சிலவற்றை எரிக்காமலே விட்டுப் பார்க்கிறார்கள். அங்கே ஆள் உண்டு, மின்னலுக்கு இல்லை. 'எரிமுறை' இரண்டுக்கும் பொருந்தும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், புதன்
பிணம் எரிக்கும் முறை என்று படிப்பார்கள். சுடுகாட்டுக்கு அஞ்சியவர்கள் இதற்கு அஞ்சவில்லையா?

சாட்ஸ்வொர்த், வெள்ளி
மூவர் 'எரிமுறை' என்றீர்கள், அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் 'ஃபயர் ரெஜீம்' என்றும் போட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், வெள்ளி
என் வாக்கு சுடுபுலத்துக்கே என்று பதிவாகட்டும். எரிமுறை வினைத்தொகையா, வேற்றுமைத்தொகையா? அதையாவது யாரேனும் சொல்லுங்கள்.