தொட்டி ‘சைக்கிள்’ ஆவதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டி வைப்போருக்கான கையேட்டில் ‘சைக்கிளிங்’ (மீன் விடுமுன் புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் நுண்ணுயிர்களை வளர்த்தெடுத்தல்) என்பதைச் ‘சுழற்சியாக்கம்’ என்றும், ‘லைவ் ராக்’ (அந்நுண்ணுயிர்கள் குடியேறிய துளைக்கல்) என்பதை ‘உயிர்ப்பவளப் பாறை’ என்றும் எழுதலாம் எனச் சென்ற வாரம் முன்மொழியப்பட்டிருந்தது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் சுழற்சியை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிப் பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி என்று நாம் படித்தது, காற்றிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து உயிர்களுக்கும் சென்று மீண்டும் காற்றுக்கே திரும்புவது; அது வட்டம் என்பதால் அப்பெயர் அதற்குப் பொருந்தும். புதுத் தொட்டியை வைத்துக்கொண்டு நாம் காத்திருக்கும் நான்கு முதல் ஆறு வாரங்களில் அப்படியொரு வட்டம் நிகழ்வதில்லை. அழுகும் தீனியிலிருந்து வருவதோ நாமே அளந்து விடுவதோ, எதுவாயினும், அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டை வேறொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தனித்தனிக் கூட்டங்கள் என்பதை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கிலேயே காட்டிவிட்டார். இரண்டாவது கூட்டம் பெருகுவதற்கு அதன் உணவாகிய நைட்ரைட்டு முதலில் உருவாகியாக வேண்டும் என்பதனால்தான், அம்மோனியா இறங்கத் தொடங்கிய பிறகு நைட்ரைட்டு ஏறி, பல நாள் இறங்காமல் நின்று நம் பொறுமையைச் சோதிக்கிறது. கடைசியில் சேரும் நைட்ரேட்டில் பெரும்பகுதியை வாளியும் குழாயுமாக நாம்தான் வெளியேற்றுகிறோம். ஆகவே இங்கு நடப்பது சுழற்சியன்று, குடியேற்றம். ஆங்கிலத்தில் அப்பெயர் நிலைத்துவிட்டது என்பதற்காக அதன் பிழையையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சுழற்சியாக்கத்துக்கு மாற்றாக ‘உறையிடுதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய தொட்டியின் கல்லொன்றைப் புதுத் தொட்டியில் போடுவதும், வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோர் விடுவதும் தன்மையில் ஒரே செயல்தான். ஆனால் உறைதல் என்றதும் நீர் பனிக்கட்டியாவது நினைவுக்கு வரும்; ‘உறைகல்’ என்று எழுதிவிட்டாலோ, பொற்கொல்லரின் உரைகல்லைப் பிழையாக எழுதிவிட்டோம் என்று திருத்த ஆள் வருவார்கள். கல்லிட்டு நுண்ணுயிரைத் தொற்றவைக்கும் அந்த ஒரு செயலுக்கு அச்சொல் இருக்கட்டும். வாரக்கணக்கில் நீளும் முழு நிகழ்வுக்கு அது போதாது.

என் முன்மொழிவு ‘தொட்டி பழக்குதல்’. புதிய இரும்புத் தோசைக்கல்லை வாங்கி வந்த அன்றே யாரும் அதில் தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்து, சில நாள் பழக்குகிறோம். மெல்லிய படலம் ஒன்று படிந்த பிறகே தோசை ஒட்டாமல் வருகிறது. மீன்தொட்டியிலும் நாம் எதிர்பார்ப்பது கல்லின் மேலும் மணலின் மேலும் நுண்ணுயிர்ப் படலம் படிவதைத்தான். இச்சொல்லுக்கு இலக்கண வசதியும் உண்டு. தொட்டி பழகுகிறது, நாம் அதைப் பழக்குகிறோம் என்று தன்வினையும் பிறவினையும் இயல்பாகக் கிடைக்கின்றன. பழகுகாலம், பழகிய தொட்டி, அவசரப்பட்டு மீனை விட்டவர்கள் காணும் ‘பழகாத் தொட்டி நோய்’ என்று சொற்கள் தாமே கிளைக்கின்றன. ‘சுழற்சியாக்கப்பட்ட தொட்டி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இனி ‘லைவ் ராக்’. பாறை என்பது இடத்தைவிட்டு அசையாதது. கையிலெடுத்து அடுக்குவது கல். மேலும் காசிமேட்டில் போய் ‘உயிர்ப்பாறை’ என்று கேட்டால் துள்ளுகிற பாறை மீனைத்தான் காட்டுவார்கள். பவளம் என்ற சொல்லையோ அறவே தவிர்க்க வேண்டும் என்பேன். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் 2001 முதல் இடம்பெற்றிருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வருவது குற்றமாகும். பெயரிலேயே பவளத்தை வைத்துவிட்டால், கையேட்டைப் படிப்பவர் அதைத் தேடித்தான் போவார். பீங்கான் கல்லோ சிமெண்டில் வார்த்த கல்லோ, துளைகள் நிறைந்ததாக இருந்து நுண்ணுயிர் குடியேறிவிட்டால் அதே வேலையைச் செய்யும்: மேற்பரப்பில் அம்மோனியா மாறும், ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டில் ஓரளவு நைட்ரஜன் வளிமமாகப் பிரிந்து போகும். ஆகவே ‘உயிர்க்கல்’ என்றே சொல்லலாம். கல்லுக்கு ஏது உயிர் என்ற கேள்விக்கு, தண்ணீர்க்குடம் என்னும்போது குடம் தண்ணீராகிவிடுவதில்லை என்பதே விடை.

அடையாற்றிலிருந்து

*

ஐயாவுக்கு வணக்கம்.

உயிர்க்கல்லை ஏற்கிறேன். பழக்குதலில் ஒரு சிக்கல் உள்ளது. கொளத்தூரில் எங்கள் கடைக்கு வருவோரிடம், மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைப் பைக்குள் சிறிது சிறிதாக விட்டு, “மீனைத் தண்ணீருக்குப் பழக்குங்கள்” என்றுதான் நாங்கள் சொல்கிறோம். அது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஆறு வார வேலைக்கும் அதே சொல்லை வைத்தால், மீனைப் பழக்கியதையே தொட்டியைப் பழக்கியதாக எண்ணிக்கொண்டு, மறுநாள் செத்த மீனோடு வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொளத்தூரிலிருந்து

*

அன்புள்ள அம்மா,

தாங்கள் சொல்வது சரி. நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் தொட்டிக்கு இச்சொல்லை விட மனமில்லாததால், மீனுக்கு ‘இணக்குதல்’ என்று பிரித்துக்கொள்ளலாம் எனக் கருதுகிறேன். பழகுவது தொட்டி, இணங்குவது மீன். கையேட்டின் பத்தியை இவ்வாறு திருத்தியுள்ளேன். கடையில் யாரிடமாவது படித்துக் காட்டி, விளங்குகிறதா என்று எழுதுங்கள்:

“ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 என வந்தபின் கற்களை அடுக்குங்கள். பழகிய தொட்டியிலிருந்து உயிர்க்கல் ஒன்று கிடைத்தால் அதைக் கொண்டு உறையிடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் விட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் சுழியமாகி, நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி பழகிவிட்டது. அதுவரை மீன் வாங்காதீர்கள். பிறகு நீரில் ஒரு பகுதியை மாற்றி, முதல் மீனை இணக்கி விடுங்கள். அடுத்த மீனுக்குச் சில வாரம் பொறுங்கள்.”