சுவடியில் புள்ளியே இல்லை, எப்படிப் படிப்பது?

சுவடிக்கட்டு:
பரணில் இருந்த ஓலைக் கட்டு, சுமார் 60 ஏடு. எழுத்து மங்கல். தெரியும் இடத்திலும் புள்ளி இல்லை. ‘செரறு’ என்று ஒரு சொல் வருகிறது, பொருள் பிடிபடவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் எழுத்துத் தெளியும் என்கிறார்கள். செய்யலாமா?

பனையோலை:
வேண்டவே வேண்டாம். பிசுக்காகத் தங்கித் தூசியையும் பூச்சியையும் இழுக்கும். தண்ணீர், வெயில் இரண்டும் ஆகாது.

கயிற்றை உருவுவதற்கு முன், துளையில் மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகிவிடுங்கள், வரிசை கலையாது. கலைந்திருந்தால் இடது ஓரத்தில் ஏட்டெண் இருக்கிறதா பாருங்கள். ௨௰௫ என்றால் 25. மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை நகத்தால் பிரித்தால் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும். அவற்றை அப்படியே வைத்து, சுவடி நூலகத்தில் காட்டுங்கள்.

எழுத்தாணி கீறிய பள்ளம்தான் எழுத்து. அதிலிருந்த கரி உதிர்ந்ததால் மங்கியிருக்கிறது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஏட்டின் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். பல நேரம் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தெரியவில்லை என்றால் மட்டும், விளக்குக் கரியைப் புல்தைலத்தில் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) குழைத்துப் பஞ்சால் தடவி, உடனே துணியால் துடைக்க வேண்டும். மேலே உள்ள கரி போய்விடும், கீறலில் இருப்பது நிற்கும். ஓரம் நொறுங்கும் ஏட்டில் இதைச் செய்யாதீர்கள்.

கொம்புசுழி:
அந்தச் சொல் ‘சோறு’.

ஏட்டில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒரே வடிவம். புள்ளி இல்லாததால் ர, ர் என்பதும் தெரியாது. ஆகவே ‘செரறு’ என்பதைச் செரறு, சேரறு, செர்று, சேர்று, சொறு, சோறு என்று ஆறு விதமாகப் படிக்கலாம். எல்லாவற்றையும் எழுதிவைத்து, முன்பின் சொல்லோடு பொருந்துவதை எடுங்கள். செய்யுள் என்றால் எதுகையும் சீரும் கைகொடுக்கும். கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டும் வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பார்கள். அதன் பிறகும் பழைய முறையில் எழுதியவர்கள் உண்டு. எழுத்தை மட்டும் வைத்துச் சுவடியின் வயதைக் கணிக்காதீர்கள்.

ஏட்டுப்புழு:
புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், அதனால்தான் விட்டுவிட்டார்கள்.

கல்லெழுத்து:
ஓலைக்கு அது சரி, கல்லுக்கு? சோழர் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. கல் பொத்துப்போகாதே! படிக்கிறவருக்கு மொழி தெரியும், புள்ளி இல்லாமலே புரியும் என்ற பழக்கமும் சேர்ந்த காரணம். ஆனால் இலக்கணத்தில் புள்ளி இருந்தது. மெய் புள்ளி பெறும் என்ற தொல்காப்பியம், குறில் எகர ஒகரத்துக்கும் அதே இயல்பைச் சொல்கிறது.

சுவடிக்கட்டு:
டார்ச் வெளிச்சத்தில் அடுத்த ஏடு தெரிகிறது: ‘பெருஙகரயம பலம க’. பெருங்காயம் வரை புரிந்தது. கடைசியில் வரும் ‘க’ எந்தச் சொல்லின் தொடக்கம்?

கொம்புசுழி:
சொல் இல்லை, எண். தமிழ் எண்ணில் க என்றால் 1. பெருங்காயம் பலம் 1. இன்றைய சித்த மருத்துவக் கணக்கில் ஒரு பலம் 35 கிராம். உங்களிடம் இருப்பது மருந்துச் சுவடியாக இருக்கலாம். இனி வரும் உ, ங, ச எல்லாவற்றையும் 2, 3, 4 என்றும் படித்துப் பாருங்கள்.